நாலடி பால்கனியில் மடங்கும் இருக்கை: மலை வீடுகளுக்கான செய்முறை

குன்னூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பால்கனி நான்கு அடி அகலமும் எட்டு அடி நீளமும் உடையது. பல ஆண்டுகள் அது துணி உலர்த்துவதற்கும், வீட்டுக்குள் வைக்க மனமில்லாத பழைய சாமான்களை ஒதுக்குவதற்கும் மட்டுமே பயன்பட்டது. மார்கழியிலும் தையிலும் வீட்டுக்குள் விரல்கள் விறைத்துப்போகும் வேளையில், வெளியே பத்து மணி வெயில் அந்தப் பழைய சாமான்களின் மேல் வீணாக விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான், இருவர் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் அளவுக்காவது அங்கே இடம் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

முதல் முயற்சி தோற்றது. சமவெளியில் ஒரு கடையில் மடக்கு மேசை ஒன்றும் மடக்கு நாற்காலிகள் இரண்டும் வாங்கி வந்தேன். ஐப்பசி மழை முடிவதற்குள் மேசையின் எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்வது) ஓரமெல்லாம் நீர் குடித்து உப்பிவிட்டது. நாற்காலியின் கீல்களில் துரு ஏறி, விரித்தது விரித்தபடியே நின்றுவிட்டது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக வாங்கிய பொருள், மடங்க மறுத்த நாளிலிருந்து இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மலையில் இந்த வேலையின் நுட்பம் முழுவதும் அதில்தான் இருக்கிறது: ஐந்தாவது மழைக்காலத்திலும் தடையின்றி மடங்கும் பொருள் மட்டுமே உண்மையில் இடத்தை மிச்சப்படுத்தும். அதனால் இந்தக் குறிப்பில் அளவைப் பற்றிப் பேசும் அதே அக்கறையோடு மரத்தையும் கீலையும் பற்றிப் பேசியிருக்கிறேன்.

முதலில் வெயில் விழும் இடம்

இஞ்சு டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன், வெயில் எந்த நேரத்தில் எதுவரை வருகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். நீலகிரி ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் பிற்பாதியில் நண்பகல் சூரியன் தென்திசையில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கிறது. தெற்கு நோக்கிய நான்கடிப் பால்கனிக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் பயனுள்ள ஒரு விடை கிடைக்கும். மேல்தளம் ஒன்பதடி உயரத்தில் இருந்து, வெளி ஓரத்தில் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சுவரும் இருந்தால், அந்தச் சுவரைத் தாண்டி வரும் வெயில் தரையில் சுமார் 70 சென்டிமீட்டர் தள்ளி விழத் தொடங்கி, வீட்டை ஒட்டிய பின்சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. பின்சுவரை ஒட்டித் தாழ்வான பெஞ்சு ஒன்றில் உட்காருபவருக்குப் பாதம் முதல் தோள் வரை வெயில் கிடைக்கும், முகம் மட்டும் நிழலில் இருக்கும். அதே பெஞ்சைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டால் கால்கள் சுவரின் நிழலில் குளிர்ந்துகொண்டே இருக்கும். காட்சி தெரிய வேண்டும் என்று ஓரத்தில் நாற்காலியைப் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் எண்ணம். மலையில் வெயில் காய்வதற்கு ஏற்ற இடம் பின்சுவர்தான் என்பது என் உறுதியான கருத்து.

கிழக்கு நோக்கிய பால்கனியும் நல்லதே. பிற்பகலில் மூடுபனி எழுவதற்கு முன் காலை வெயில் முழுவதும் கிடைத்துவிடும். நேர் வடக்கு நோக்கிய பால்கனிக்குச் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் பிற்பகுதி வரை நேரடி வெயில் வருவதே இல்லை. அங்கே இருக்கை அமைப்பதற்குச் செலவு செய்வதைவிட, துணிக்கொடிக்கும் செடிக்கும் சாமான் பெட்டிக்கும் அந்த இடத்தை ஒதுக்கிவிடலாம்.

மழையின் திசையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர், உதகையின் மேற்குப் பக்கம் ஆகிய இடங்களில் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றோடு சாரல் அடிக்கிறது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளிலும் கொடைக்கானலிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே கனத்தது. எந்தப் பக்கத்துக் காற்று உங்கள் பால்கனிக்குள் நுழைகிறதோ, அந்தப் பக்கத்து மூலையில் மரச் சாமான் எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

அளவெடுத்தல்

பால்கனியின் மொத்த அகலத்தைவிட, தடையின்றிக் கிடைக்கும் அகலமே கணக்கில் சேரும். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்திலிருந்து பின்சுவரின் பூச்சு வரை மூன்று இடங்களில் அளந்து, மூன்றில் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். மழைநீர்க் குழாய் எந்த மூலையில் இறங்குகிறது, தரையின் வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் போகும் துளை எங்கே, சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்பனவற்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் இரண்டரை அடிக் கதவு ஒன்று நான்கடிப் பால்கனியின் எட்டடி நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியைத் தன் சுழற்சிக்காக எடுத்துக்கொள்கிறது. அதை உட்பக்கம் திறக்கும்படி மாற்ற முடிந்தால், வேறு எந்தச் சாமானும் தராத இடம் அந்த ஒரு மாற்றத்தில் கிடைத்துவிடும்.

அடுத்ததாகப் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நீங்கள் நினைக்கும் பெஞ்சு, மேசை ஆகியவற்றின் விரித்த அளவிலும் மடக்கிய அளவிலும் வெட்டித் தரையில் போட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒருவர் நடந்துபோக இரண்டடி வேண்டும். ஈரத்துணி வாளியோடு போவதற்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். கடையில் விரித்த அளவை எழுதி ஒட்டியிருப்பார்கள். மடக்கிய பிறகு எத்தனை அங்குலம் கனம், அது சுவரில் தொங்குமா அல்லது தரையில் சாய்ந்து நிற்குமா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. மடக்கிச் சாய்த்து வைத்த நாற்காலிகள் இரண்டு, காற்றில் சரிந்து விழுந்து வழியை மறிக்கும்போது அந்தக் கேள்வியின் அருமை புரியும்.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, வீட்டு பால்கனியைச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது. முப்பத்திரண்டு சதுர அடிப் பால்கனிக்கு அது ஏட்டில் 900 கிலோ ஆகிறது. ஆனால் மலையில் பல கட்டடங்கள் பழையவை. பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தில் துருக்கறையோ வெடிப்போ தெரிந்தால், எந்தச் சாமானையும் ஏற்றுவதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டிவிட வேண்டும். இருக்கையைவிடப் பூந்தொட்டிகளே கனமானவை. பதினைந்து லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று, நனைந்த மண்ணோடு இருபத்தைந்து கிலோ வரை வரும். மண்ணில் பாதிக்குத் தென்னைநார்க் கழிவைக் கலந்தால் எடை கணிசமாகக் குறையும்.

எந்த மரம், எந்தக் கீல்

மலையில் மரத்துக்கு இரண்டு பகைகள் உண்டு. முதலாவது ஈரம்: மூடுபனி நாள் முழுவதும் நிற்கும் வாரங்களில் மரம் காற்றிலிருந்தே நீரை வாங்கி அகலவாக்கில் விரிகிறது, தை மாதத்து வறண்ட வெயிலில் சுருங்குகிறது. நன்றாக உலர்ந்த தேக்குச் சட்டம்கூட 100 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விரியக்கூடும். சட்டங்களை நெருக்கி அடித்தால் அந்த விரிவு கீலின் மேல் அழுத்தமாக இறங்கி, மடங்கும் பகுதி இறுகிக்கொள்கிறது. இரண்டாவது பகை புற ஊதாக் கதிர். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு அது 10 முதல் 12 விழுக்காடு வரை கூடுகிறது என்பதால், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அதன் வலிமை கடற்கரையில் இருப்பதைவிட இருபது விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். குளிராக இருக்கிறதே என்று நாம் எண்ணும் அதே வெயிலில்தான் பிளாஸ்டிக் நாற்காலி வெளுத்து, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது; வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது.

தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். வெளிர்நிறப் பகுதியும் சேர்ந்த சட்டத்தை, விலை குறைவு என்பதற்காக வாங்கினால், பூசணம் முதலில் அங்கேதான் பூக்கும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. இழைத்தால் அதன் ரேகை அழகாகத் தெரியும். ஆனால் அது வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கே ஏற்றது, சாரலில் சீக்கிரம் மக்கிவிடும். கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) வலிமை வாய்ந்தது என்றாலும் உலரும்போது முறுக்கிக்கொள்ளும் குணம் உடையது என்பதால், மடங்கும் பகுதிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொட்டி வைக்கும் தட்டுக்குப் போதும். உண்ணிச்செடியின் (லாண்டனா) தண்டை வேகவைத்துத் தோல் உரித்து, வளைத்துச் செய்யும் நாற்காலிகளையும் முக்காலிகளையும் இங்கு வாங்குவது எனக்கு விருப்பமான செயல். காட்டின் அடிநிலத்தை மூடிக்கொண்டு மற்றச் செடிகளை வளரவிடாமல் செய்யும் ஓர் அயல் செடி இதனால் பயனுள்ள பொருளாகிறது. கூடலூர் வட்டாரத்துப் பழங்குடியினர் அதே தண்டைக் கொண்டு நிஜ அளவில் யானை உருவங்களே செய்திருக்கிறார்கள். இத்தகைய முக்காலி எடை குறைந்தது, ஒரு கையால் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம். இரவுப் பனியில் வெளியே விட்டுவிடாமல் இருப்பது மட்டும் முக்கியம்.

பலகையாகவே வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பிளைவுட்டை வாங்கி, வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். துகள் பலகையும் எம்.டி.எஃப்.பும் பால்கனிப் பக்கமே வரக் கூடாது.

கீல், திருகாணி, கொக்கி ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். 304 தர எவர்சில்வர் கீல்களையே கேட்டு வாங்க வேண்டும். கடைகளில் 202 தரத்தையும் எவர்சில்வர் என்றே விற்கிறார்கள். அது பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் தொடர்ந்த ஈரத்தில் விரைவாகத் துருப்புள்ளி காட்டும். காந்தம் வைத்துச் சோதிப்பது இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டு தரங்களிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. கீலின் மேல் 304 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, ரசீதிலும் எழுதி வாங்குவதே வழி. திருகாணிகளும் அதே தரத்தில் இருக்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி போட்டால், மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து அதைச் சுற்றிலும் கறுத்த கறை படியும், சில ஆண்டுகளில் பிடிப்பும் தளரும்.

பெஞ்சு செய்யும் முறை

பின்சுவரில் மேல்நோக்கி மடங்கும் பெஞ்சையே இந்தக் குறிப்பின் முதன்மையான வேலையாகக் கருதுகிறேன். ஆசாரி ஒருவர் இரண்டு நாளில் செய்துவிடக்கூடியது. இழைப்புளி பிடிக்கத் தெரிந்தவர் தாமே செய்யலாம்.

நீளம் நான்கடி, ஆழம் 37 சென்டிமீட்டர், உயரம் 43 சென்டிமீட்டர். இந்த ஆழத்துக்கு ஒரு காரணம் உண்டு. சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றடியில், அதாவது சுமார் 90 சென்டிமீட்டரில் இருந்தால், 43 சென்டிமீட்டர் உயரத்தில் கீல் வைத்து 37 சென்டிமீட்டர் பலகையை மேலே மடக்கும்போது அது 80 சென்டிமீட்டரில் நின்றுவிடும், சன்னலை மறைக்காது. உங்கள் வீட்டில் விளிம்பு இன்னும் தாழ்வாக இருந்தால் ஆழத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். 33 சென்டிமீட்டர் வரை உட்கார முடியும், அதற்குக் கீழே போனால் தொடை தாங்காது.

இருக்கைக்கு 55 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஆறு தேக்குச் சட்டங்கள் போதும். ஒன்றுக்கொன்று 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மொத்தம் 370 மில்லிமீட்டர் வரும். அந்த இடைவெளி மரம் விரிவதற்கும் தண்ணீர் வடிவதற்கும் காற்றுப் போவதற்கும் சேர்த்துக் கொடுப்பது. இரண்டு முனைகளிலும் நடுவிலும் குறுக்குச் சட்டங்கள் வைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு குறுக்குச் சட்டத்துக்கு ஒரே திருகாணியால் முடுக்குங்கள். அகலவாக்கில் இரண்டு திருகாணி போட்டால் மரம் விரியும்போது வெடிக்கும். மேல்விளிம்புகளைச் சற்றே உருட்டி இழைத்துவிட்டால் தொடையில் உறுத்தாது, நீரும் விளிம்பில் தங்காது.

சுவரில் 75-க்கு 40 மில்லிமீட்டர் தேக்குக் கட்டை ஒன்றை நான்கடி நீளத்துக்குப் படுக்கையாகப் பொருத்தி, அதன் மேல்விளிம்பில் மூன்று நான்கங்குலக் கீல்களை வைக்க வேண்டும். இந்தக் கட்டையைப் பிடிக்க 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கு தேவை. போல்ட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் குறைந்தது 60 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும், செங்கல்லின் நடுவில் துளையிட வேண்டும், கலவை மூட்டில் இடக்கூடாது. உங்கள் சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதை முதல் துளையில் வரும் தூளே சொல்லிவிடும். சிவந்த தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் சற்றுத் தூரம் வந்து திடீரெனத் துளைக்கருவி வெற்றிடத்துக்குள் இறங்கினால் அது ஹாலோ பிளாக். அங்கே சாதாரண ஆங்கர் பிடிக்காது, துளைக்குள் பிசின் செலுத்தி இறுக்கும் இரசாயன ஆங்கரை வலைக்கூட்டோடு பயன்படுத்த வேண்டும். பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரையும் கல்லும் கலந்த சுவர் வரும். துளை உதிர்ந்துகொண்டே போனால் விட்டுவிட்டு, தரையில் நிற்கும் கால்களைப் பின்பக்கமும் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

முன்பக்கத்துக்குக் கால் வேண்டாம், சுவரில் இரண்டு மடக்குத் தாங்கிகள் போதும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். இருவரின் எடை 150 கிலோ, அது சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அமர்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் உயரத் தாங்கிகளின் மேல்போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மொத்தம் 100 கிலோ ஆகிறது. ஒருவர் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தால் அது இன்னும் பெருகும். முன்கால் இருந்தால் எடையில் பாதி நேராகத் தரைக்குப் போய்விடுகிறது, மீதிப் பாதி கட்டையைக் கீழ்நோக்கி அழுத்துகிறதே தவிர வெளியே இழுப்பதில்லை. ஈரத்தில் ஊறி ஊறி உலரும் மலைச்சுவரில் இந்த வேறுபாடு பெரியது.

முன்கால்கள் இரண்டையும் ஒரு குறுக்குக் கட்டையால் இணைத்து, ஒரே சட்டகமாக முன்விளிம்பின் அடியில் கீலில் தொங்கவிடுங்கள். பெஞ்சை மேலே மடக்கும்போது அந்தச் சட்டகம் தன் எடையாலேயே தொங்கி, பலகையோடு ஒட்டிப் படிந்துகொள்ளும். இறக்கும்போது தானே நேராக வரும். விரித்த நிலையில் கால் ஐந்து பாகை அளவுக்கு வெளிப்புறம் சாய்ந்து ஒரு தடுப்புக் கட்டையில் முட்டி நிற்கும்படி அமைத்தால், உட்காரும் எடையே காலை அதன் நிலையில் நிறுத்தும். யாராவது காலால் இடித்தாலும் உள்ளே மடங்காது. காலின் அடியில் ரப்பர் புஷ் போடுவது கட்டாயம், ஏனென்றால் மரத்தின் குறுக்குவெட்டு முனை நீரை உறிஞ்சுவதுபோல வேறெந்தப் பகுதியும் உறிஞ்சுவதில்லை. தரை வாட்டமாக இருப்பதால் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் அமையாமல் போகலாம். பொருத்திய இடத்திலேயே வைத்து அளந்து அறுக்க வேண்டும்.

மேலே மடக்கிய பெஞ்சைப் பிடிக்கச் சுவரில் இரண்டு கொக்கிகள் வையுங்கள். ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்கு என் விடை, அந்தப் பலகை விழுந்தால் குழந்தையின் தலை இருக்கும் உயரத்தில்தான் விழும் என்பதே. கீழ்நோக்கி மடக்கினால் விழும் பேச்சே இல்லையே என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் கீழே தொங்கும் பலகையின் உட்காரும் பக்கம் வெளியே பார்த்து நின்று சாரல் முழுவதையும் வாங்குகிறது, தரையைத் துடைக்கவும் இடைஞ்சலாகிறது. மேலே மடக்கினால் நனைவது அடிப்பக்கம் மட்டுமே. மழை விட்டதும் இறக்கி உடனே உட்காரலாம். மடங்கிய நிலையில் இந்த பெஞ்சு சுவரிலிருந்து சுமார் ஐந்து அங்குலம் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும்.

எஃகு, அலுமினிய இருக்கைகள் இதைவிட மெலிதாக மடங்கும் என்பது உண்மை. ஆனால் உறைபனி இறங்கும் மார்கழிக் காலையில் அவற்றின்மேல் உட்கார முடியாது என்பதால், கால்களுக்கும் சட்டகத்துக்கும் மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

மேசையும் மற்றவையும்

தேநீர்க் கோப்பைக்கும் ஒரு புத்தகத்துக்கும் 60-க்கு 28 சென்டிமீட்டர் தட்டு போதும். கம்பித் தடுப்பு உள்ள பால்கனியில் தட்டை உட்பக்கமாக 70 சென்டிமீட்டர் உயரத்தில் கீலில் பொருத்தித் தாங்கியோடு கீழ்நோக்கி மடங்கும்படி செய்யலாம். கம்பியில் துளையிடாமல், ரப்பர் வைத்த வளையப் பிடிகளால் இறுக்குவது நல்லது, ஏனென்றால் துளையிட்ட இடத்தில்தான் கம்பி உள்ளிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். வெளிப்பக்கம் தொங்கும் தட்டோ தொட்டியோ எந்த வகையிலும் வேண்டாம்; காற்று ஒரு முறை தள்ளினால் கீழே நடப்பவர் மேல் விழும். கைப்பிடி உயரம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதால், அதன் மேல்தட்டை உட்கார்ந்து பயன்படுத்த இயலாது. நின்றுகொண்டு மடிக்கணினியில் வேலை செய்பவருக்கு மட்டும் அந்த உயரம் ஏற்றதாக இருக்கும். கைப்பிடியை ஒட்டிக் குழந்தை ஏறக்கூடிய பெட்டியையோ முக்காலியையோ நிரந்தரமாக வைத்தால், அந்த ஒரு மீட்டர் பாதுகாப்பு பாதியாகிவிடும். பெஞ்சைப் பின்சுவரில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

துணிக்கொடியை இங்கே மறக்க முடியாது. மழைக்காலத்தில் துணி உலர மூன்று நாளாகும் ஊரில், தரையில் விரிக்கும் துணி ஸ்டாண்டு பால்கனியையே விழுங்கிவிடும். மேல்தளத்தில் கப்பி வைத்து, கயிற்றை இழுத்தால் மேலேறும் கொடிச் சட்டகத்தைப் பொருத்தினால், துணி தலைக்கு மேலே காய, கீழே பெஞ்சு விரிந்திருக்கும். நனைந்த துணியின் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ வரை வரும் என்பதால், மேல்தளக் கொக்கிகள் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

பெட்டி பெஞ்சு, அதாவது உள்ளே சாமான் வைக்கும் மூடியுள்ள இருக்கை, படத்தில் அழகாகத் தெரியும். மலையில் அதைச் செய்வதானால் அடியிலும் பக்கங்களிலும் காற்றுத் துளைகள் விட்டே செய்ய வேண்டும். மூடிய பெட்டிக்குள் வைத்த மெத்தை ஒரே வாரத்தில் பூசணம் பூத்துவிடும். குரங்கு வரும் பகுதிகளில் மூடிக்குக் கொண்டி போட்டுப் பூட்ட வேண்டும், சும்மா சாத்தி வைத்த மூடியை அது திறந்துவிடும். தரைத்தளத்து வீடுகளில் எண்ணெய், தானியம் போன்ற உண்பொருளை அந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது. கோத்தகிரிப் பக்கத்தில் கரடி எண்ணெய் வாசனையைத் தேடி வீடுகளுக்கு வருவது அறிந்த செய்தி. மெத்தைக்குப் பதிலாகப் பழைய கம்பளியை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்து, எழும்போது கையோடு உள்ளே எடுத்துச் செல்வதே எங்கள் வீட்டு வழக்கம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் துளையிட அனுமதி கேட்ட பிறகே இறங்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால், எக்ஸ் வடிவக் கால்களுள்ள மர முக்காலிகள் இரண்டையும் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தனிப்பலகை ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம்; முக்காலிகளின் மேல் பலகையை வைத்தால் பெஞ்சு, தனித்தனியே வைத்தால் இருக்கையும் மேசையும். பால்கனியைக் கண்ணாடியாலோ தகரத்தாலோ நிரந்தரமாக அடைப்பதற்கு மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி உள்ளாட்சியின் ஒப்புதல் தேவைப்படலாம் என்பதால், அலுவலகத்தில் கேட்காமல் செய்யாதீர்கள். மேலே சுருட்டிக் கட்டும் தார்ப்பாய்த் திரை பெரும்பாலான சாரலைத் தடுத்துவிடும்.

பூச்சும் பராமரிப்பும்

பளபளப்பாகப் படலம் கட்டும் வார்னிஷைவிட, மரத்துக்குள் இறங்கும் வெளிப்புறத் தேக்கெண்ணெய் மலைக்கு ஏற்றது என்பது என் அனுபவம். படலம் ஓரிடத்தில் வெடித்தால் நீர் அதற்குள் புகுந்து வெளியேற முடியாமல் மரத்தைக் கறுக்கச் செய்யும், புதுப்பிக்க வேண்டுமானால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சு மங்கினால் உப்புத்தாள் லேசாகத் தேய்த்து மறுபடி பூசினால் போதும். சுவரை ஒட்டி நிற்கும் கட்டையின் பின்பக்கத்துக்கு, பொருத்துவதற்கு முன்பே முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை இரண்டு முறை தடவிக் காயவிடுங்கள். நிறம் கறுக்கும் என்றாலும் அந்தப் பக்கம் கண்ணில் படாது, பிறகு தூரிகை அங்கே நுழையவும் முடியாது. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்து உலரவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

பூசணத்தின் வெண்புள்ளிகள் தெரிந்தால் வெந்நீரில் சிறிது வினிகர் கலந்து துடைத்து, அன்றே வெயில் காட்டுங்கள். நீலகிரித் தைலம் தடவினால் வாசனை நன்றாயிருக்கும். ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆண்டுக்கு இரண்டு நாள் இதற்காக ஒதுக்கினால் போதும். புரட்டாசியில், வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன், போல்ட்டுகளை முடுக்கி, கீலின் ஊசிகளில் ஒரு துளி இயந்திர எண்ணெய் விட்டு, பெஞ்சைப் பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். உதகையிலும் கூடலூரிலும் இருப்பவர்கள் இந்த வேலையை வைகாசியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மாசியில், மரம் நன்கு உலர்ந்திருக்கும்போது, எண்ணெய்ப் பூச்சைப் புதுப்பிக்கலாம். மழைக்காலத்தில் யாரும் உட்காராவிட்டாலும் வாரம் ஒரு முறை பெஞ்சை இறக்கி ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, தண்ணீர் போகும் துளையில் சேர்ந்த சருகை எடுத்துப்போட்டுவிட்டு, மறுபடி இரண்டு கொக்கிகளையும் மாட்டிவிடுங்கள்.